சாமி பேசுகிறது என்கிறான் மகன்: வாசகர் கேள்விகளுக்கு மனநல மருத்துவர் பதில்

கேள்வி: எங்களுக்கு வலங்கைமான் பக்கத்தில் ஒரு கிராமம். மகனுக்கு 23 வயது. டிப்ளமோ முடித்துவிட்டுத் திருப்பூரில் வேலை பார்த்தான். பொங்கலுக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. ராத்திரியில் தூங்குவதே இல்லை. வாய்க்கால் கரை வீரனார் தன்னிடம் பேசுகிறார் என்கிறான். “உன் பெரியப்பன் செய்வினை வைத்திருக்கிறான், அவனை விடாதே” என்று சொல்கிறாராம். போன வாரம் பாயைச் சுருட்டும்போது அடியில் அரிவாள் இருந்தது. அவன் அப்பா கோடாங்கியிடம் அழைத்துப் போனார். அருள் இறங்கியிருக்கிறது என்று அவர் சொல்லிவிட்டார். என் பிறந்த வீட்டிலும் சாமியாடுகிற வழக்கம் உண்டு. ஊரில், பையனைக் கட்டிப் போடுங்கள், இல்லாவிட்டால் போலீஸில் சொல்வோம் என்கிறார்கள். எங்காவது கோவிலில் சங்கிலி போட்டு 48 நாள் வைத்தால் தெளிந்துவிடும் என்கிறார் நாத்தனார். இது சாமியா, நோயா? கட்டி வைக்கலாமா?

பதில்: அம்மா, கடிதத்தில் போன் நம்பர் இருந்ததால் படித்த அன்றைக்கே உங்களைக் கூப்பிட்டுப் பேசிவிட்டேன். இதே நிலையில் இருக்கிற மற்ற குடும்பங்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் அரிவாள். சாமியா நோயா என்று முடிவாகும்வரை காத்திருக்க வேண்டாம். அரிவாள், மண்வெட்டி, வயலுக்கு அடிக்கிற மருந்து டப்பா எல்லாம் இன்றைக்கே அந்த வீட்டை விட்டுப் போக வேண்டும். பூச்சி மருந்தை ஏன் சேர்க்கிறேன் என்றால், இப்படிக் குரல் கேட்கிறவர்கள் அடுத்தவரைக் கொல்வதைவிடத் தங்களை மாய்த்துக்கொள்வதே அதிகம். பெரியப்பாவிடமும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். சில நாள் அவர் உங்கள் வீட்டுப் பக்கம் வராமலிருப்பது அவருக்கும் நல்லது, உங்கள் மகனுக்கும் நல்லது.

குரல் யாருடையது என்று ஊரே விவாதம் நடத்துகிறது. நான் கேட்கிற கேள்வி வேறு: அந்தக் குரல் என்ன செய்யச் சொல்கிறது? அதை மீற அவனால் முடிகிறதா? ஒரு குறிப்பிட்ட ஆளைக் காட்டி, ‘விடாதே’ என்கிறது. கைக்கெட்டும் இடத்தில் ஆயுதமும் இருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்தால் அது அவசரம். நெஞ்சுவலி வந்தவரை எவ்வளவு வேகமாகக் கொண்டுபோவீர்களோ அவ்வளவு வேகம் வேண்டும்.

சாமியாடுவது எனக்குப் புதிதல்ல. தஞ்சாவூர்ப் பக்கம் காளியாட்டம் பார்த்து வளர்ந்தவள் நான். பம்பை அடிக்க ஆரம்பித்ததும் அருள் வரும், திருநீறு போட்டதும் மலையேறும். ஆடி முடித்த அம்மா மறுநாள் காலையில் நடவுக்குப் போவார், கூலியைச் சரியாக எண்ணி வாங்குவார், பேரனைக் குளிப்பாட்டுவார். அதற்கு நேரம் உண்டு, இடம் உண்டு, கூட ஆள் உண்டு. அருள் வந்த குடும்பத்தில் பயம் இருக்காது, ஒரு நிறைவு இருக்கும். உங்கள் மகனுக்கு நடப்பது அப்படி இல்லை. பம்பையும் இல்லை, திருநீற்றுக்கு அடங்குவதும் இல்லை, ராப்பகலாக விடாமல் பேசுகிறது. தூக்கம் போய்விட்டது. குளிப்பதை நிறுத்திவிட்டான், செல்போனைப் பார்த்தே பயப்படுகிறான் என்று போனில் சொன்னீர்கள். எந்த வேளையிலும் வந்து, தூக்கத்தைப் பறித்து, ஒரு பிள்ளையை நடுங்க வைக்கிற குரலுக்கு வைத்தியம் வேண்டும். வீரனார் மேல் உங்களுக்கு இருக்கிற பக்திக்கும் இதற்கும் பகை கிடையாது.

சாமி பெயரில் ஏன் குரல் வருகிறது என்று போனில் கேட்டீர்கள். மனம் தனக்குத் தெரிந்தவர்களின் முகத்தைத்தான் அந்தக் குரலுக்கு மாட்டிவிடும். டான்யா லூர்மன் என்ற அமெரிக்க மானுடவியலாளர், சென்னையிலும் கலிபோர்னியாவிலும் ஆப்பிரிக்காவில் கானா நாட்டின் அக்ராவிலும், குரல் கேட்கிற நோயாளிகளிடம் பேசி 2015-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். சென்னைக்காரர்களில் பலருக்குச் சொந்தக்காரர்களின் குரல் கேட்டது. சமையல் செய், குளி என்று வீட்டுப் பெரியவர் மாதிரி அதட்டியது. அமெரிக்கர்களுக்கு முன்பின் தெரியாத யாரோ வன்முறையாகப் பேசுவதாகக் கேட்டது. அக்ராவில் பலர் கடவுள் பேசுவதாகச் சொன்னார்கள். நோய் ஒன்றுதான், பேசுகிற ஆள்தான் ஊருக்கு ஊர் மாறுகிறார்.

ஒரத்தநாட்டில் நான் வாராவாரம் நோயாளிகளைப் பார்த்து வந்தபோது ஒரு பையன் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு வருவான். பம்பு செட் ஓடினால் அந்த இரைச்சலுக்கு உள்ளேயிருந்து இரண்டு பேர் பேசுவார்களாம். “இவன் இப்ப சாப்பிடுறான் பாரு, இப்ப மடையைத் திறக்கிறான் பாரு” என்று அவன் செய்வதையெல்லாம் வர்ணனை செய்வார்களாம். மோட்டாரை நிறுத்தினால் சத்தம் கொஞ்சம் அடங்கும். அதனால் மும்முனை மின்சாரம் வருகிற நேரமெல்லாம் அவன் வயலுக்கே போகவில்லை. சோம்பேறி என்று அப்பா அடித்திருக்கிறார். அந்தப் பையனுக்குக் கேட்டது கற்பனை அல்ல. நிஜக் குரலைக் கேட்கும்போது வேலை செய்கிற மூளைப் பகுதிகள் இப்படிக் குரல் கேட்கும்போதும் வேலை செய்வதை ஸ்கேன் ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் “அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை, சும்மா இரு” என்று சொன்னால் எடுபடுவதில்லை.

அப்புறம் என்ன சொல்வது? “எனக்குக் கேட்கவில்லை கண்ணு, ஆனால் உனக்குக் கேட்கிறது, நீ பயப்படுகிறாய் என்று தெரிகிறது. தூக்கம் வர மருந்து வாங்கிக்கொள்ளலாம், நானும் கூட வருகிறேன்” என்று சொல்லுங்கள். ஆமாம் வீரனார்தான் என்று ஒத்துப் பாடவும் வேண்டாம், இல்லை என்று சண்டை போடவும் வேண்டாம். தூக்கமில்லை என்பதை அவனே ஒப்புக்கொள்வான். ஆஸ்பத்திரிக்குப் போக அந்த ஒரு காரணம் போதும். சோற்றில் மாத்திரையைப் பொடித்துக் கலக்காதீர்கள். என்றைக்காவது தெரிந்துவிட்டால், விஷம் வைக்கிறார்கள் என்ற சந்தேகம் உங்கள் மேலேயே திரும்பும்.

உங்களுக்குத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் எட்டும் தூரம்தான். இரண்டிலும் மனநலப் பிரிவு உண்டு, மருந்துக்குக் காசு வாங்குவதில்லை. அவன் வரவே மாட்டேன் என்றாலும் வழி இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, குடும்பத்தில் அவனுக்காகப் பேசக்கூடிய ஒருவர் எழுதிக் கொடுத்தால், மனநல மருத்துவர் உட்பட இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்து, ஆபத்து இருக்கிறது என்று கண்டால் 30 நாள் வரை உள்நோயாளியாக வைத்துப் பார்க்கலாம். ராத்திரியில் கைமீறினால் 108. பேசிக் கேட்க 14416. இது ‘டெலி மானஸ்’ என்ற அரசு இலவச எண், தமிழிலேயே பேசலாம். ஊர்க்காரர்கள் போலீஸில் சொல்வோம் என்று மிரட்டுவதற்கும் பயப்பட வேண்டாம். மனநோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்று தெரிகிறவரைப் பாதுகாப்பாக மருத்துவமனைக்குக் கொண்டுபோவது அதே சட்டத்தின் 100-ஆவது பிரிவில் காவல் நிலைய அதிகாரியின் கடமை. 24 மணி நேரத்துக்குள் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது.

போனதும் ரத்தம் எடுப்பார்கள். தைராய்டு, வலிப்பு, கஞ்சா, மூளையில் தொற்று இவற்றாலும் குரல் கேட்கலாம் என்பதால் அந்தச் சோதனைகள் தேவை. திருப்பூரில் கூட இருந்தவர்களிடம் கஞ்சாப் பழக்கம் இருந்ததா என்று கோபப்படாமல் விசாரித்து வையுங்கள். ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் மாதிரி மருந்து ஆரம்பித்தால் தூக்கமும் பதற்றமும் முதலில் சரியாகும். குரல் அடங்கச் சில வாரங்கள் ஆகும். கை நடுங்கினாலோ உடம்பு விறைத்தாலோ பசி அதிகமாகி எடை கூடினாலோ நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்றித் தருவார். குரல் நின்றதும் மாத்திரையை நிறுத்துவதுதான் நான் வருடக்கணக்காகப் பார்த்து வேதனைப்படுகிற விஷயம். முதல் தடவை வந்த நோய்க்கும் நன்றாக ஆன பிறகு குறைந்தது ஓராண்டாவது தொடர வேண்டியிருக்கும். தினம் மாத்திரை போடுவதில் தகராறு என்றால் மாதம் ஒரு ஊசி இருக்கிறது.

சங்கிலி மட்டும் வேண்டவே வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் எரிந்தார்கள். செத்தவர்கள் 28 பேர். எத்தனையோ அம்மாக்கள், குணமாகும் என்று நம்பிக் கொண்டுவந்து விட்ட பிள்ளைகள். எந்த வடிவிலும் சங்கிலி போடுவதை இன்றைய சட்டம் தடுக்கிறது. சங்கிலி கிடந்த கணுக்காலை நான் கழுவிவிட்டிருக்கிறேன் அம்மா. தோல் உரிந்து, சீழ் வைத்து, இரும்பு பதிந்த இடம் கருத்துப்போயிருக்கும். அந்தக் காயம் ஆறிவிடும், பெற்றவர்கள் கட்டிப்போட்டார்கள் என்பதை அந்தப் பிள்ளை மறக்காது. கட்டினவனுக்குக் குரல் நிற்பதும் இல்லை.

கேள்வி: மனைவிக்கு இருமுனைக் கோளாறு (பைபோலார் – சில காலம் அளவு மீறிய உற்சாகம், சில காலம் கடும் சோர்வு) என்று சொல்லி, மனநிலையைச் சீராக வைக்கிற லித்தியம் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நன்றாக இருக்கிறார். நோன்பு வரப்போகிறது, கட்டாயம் வைப்பேன் என்கிறார். நாகூர் தர்காவில் தங்கி மந்திரித்துக்கொண்டால் மாத்திரையே வேண்டாம் என்கிறார் அவர் அம்மா. (நாகப்பட்டினம் மாவட்டத்திலிருந்து ஒரு கணவர்)

பதில்: தர்காவுக்குத் தாராளமாகப் போகட்டும், மாத்திரையும் கூடவே போகட்டும். நோன்பில் மட்டும் கவனம். பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் வியர்த்து உடம்பு வறண்டால் ரத்தத்தில் லித்தியம் ஏறி நஞ்சாகலாம். கை நடுக்கம், வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம் வந்தால் உடனே ஆஸ்பத்திரி. நோன்புக்கு முன்பே டாக்டரைப் பார்த்து ரத்தத்தில் லித்தியம் அளவைச் சோதித்து, வைக்கலாமா, மருந்து நேரத்தை மாற்றலாமா என்று கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை இருக்கிறது. அதை நான் சொல்வதைவிட உங்கள் பள்ளிவாசல் இமாம் சொன்னால் உங்கள் மனைவி ஏற்றுக்கொள்வார்.

கேள்வி: நான் கும்பகோணத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர். பேருந்து நிலையம் பக்கம் ஒருவர் கிழிந்த துணியோடு தனக்குத்தானே பேசிக்கொண்டு திரிகிறார். என் பேத்தி டியூஷனுக்கு அந்த வழியாகத்தான் போகிறாள். ‘மனநோயாளி வெறிச்செயல்’ என்று பத்திரிகையில் படிக்கும்போது பதறுகிறது. இவர்களையெல்லாம் பிடித்து அடைத்துவிட்டால்தான் என்ன? குற்றம் செய்தாலும் பைத்தியம் என்று தப்பித்துவிடுகிறார்களே?

பதில்: ஐயா, பேத்தியைப் பற்றிய கவலை நியாயமானது. அதை நான் தள்ளிவிடப் போவதில்லை. முறையான சிகிச்சை இல்லாமல் மனச்சிதைவு (இல்லாத குரல் கேட்பது, காரணமில்லாத சந்தேகம் வருவது போன்ற நோய்) முற்றியிருக்கும்போது, அதிலும் குடியோ கஞ்சாவோ சேர்ந்தால், வன்முறை நடக்கிற வாய்ப்பு கூடுகிறது. இதை மறைத்துப் பேசுகிற மருத்துவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அப்போதும் பெரும்பாலும் அடிபடுவது தெருவில் போகிற குழந்தை அல்ல, கூடவே இருக்கிற அம்மா, மனைவி, அண்ணன். மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யார் மேலும் கை வைத்ததே இல்லை. கல்லெறி வாங்குவதும், ராத்திரியில் தெருவில் சூறையாடப்படுவதும் அவர்கள்தான். தெருவில் திரிகிற பெண்களுக்கு நடப்பது உங்களுக்கே தெரியும்.

அடைத்து வைப்பது புது யோசனை இல்லை ஐயா. சென்னையில் 1794-லேயே காப்பகம் வந்துவிட்டது. 1952-ல் பிரான்சில் குளோர்புரோமசின் மருந்தின் பலன் தெரியவந்த பிறகுதான் அடைக்காமலே குணப்படுத்தலாம் என்ற வழி திறந்தது. இன்றைக்கு ஆபத்து எங்கே இருக்கிறது என்றால், மருந்து போய்ச் சேராத இடத்தில்தான். 2015-16 தேசிய மனநல ஆய்வுப்படி, கடுமையான மனநோய் உள்ளவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் சிகிச்சையில் இல்லை. பிடித்து அடைப்பார்கள் என்று ஊரில் பேச்சு வந்தால் குடும்பங்கள் நோயை இன்னும் மறைக்கும். மறைத்த வீட்டில் நோய் முற்றும். உங்கள் பேத்திக்கு அது பாதுகாப்பு ஆகாது.

பேருந்து நிலையத்தில் இருப்பவருக்காக நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுங்கள். மேலே ஓர் அம்மாவுக்குச் சொன்ன அதே 100-ஆவது பிரிவு, தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் திரிகிறவருக்கும் பொருந்தும். ‘விரட்டுங்கள்’ என்று எழுதாமல் ‘மருத்துவமனையில் சேருங்கள்’ என்று எழுதுங்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர் கையெழுத்துப் போட்ட மனுவுக்கு நம் ஊரில் இன்னும் மதிப்பு இருக்கிறது. விரட்டினால் அவர் மயிலாடுதுறை பேருந்து நிலையத்துக்குப் போவார், அங்கேயும் ஒரு பேத்தி இருப்பாள்.

தப்பிப்பது பற்றி: மனநோயால் செய்த செயல் குற்றமாகாது என்கிற விதிவிலக்கு, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆவது பிரிவில் இருக்கிறது. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 84-ஆவது பிரிவாக இருந்தது. நோய்ச் சீட்டு இருந்தால் மட்டும் போதாது. அந்த நேரத்தில் தான் செய்வது என்னவென்றோ, அது தவறென்றோ புரியாத நிலையில் இருந்ததைக் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புதான் காட்ட வேண்டும். காட்டினாலும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட மாட்டார்கள்.

கேள்வி: கணவர் போன ஐப்பசியில் தவறிவிட்டார். விடியற்காலையில் “மோட்டார் போட்டாச்சா?” என்று அவர் கேட்கிற மாதிரியே காதில் விழுகிறது. எனக்கு வயது 61. புத்தி பேதலிக்கிறதா? (மயிலாடுதுறை வாசகி)

பதில்: இல்லை அம்மா. துணையை இழந்தவர்களில் நிறையப் பேருக்கு இது உண்டு. அதுவும் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில். வெளியில் சொல்ல வெட்கப்பட்டு மறைத்துவிடுகிறார்கள். அந்தக் குரல் ஆறுதலாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். பதிலும் சொல்லலாம், ஒன்றும் தப்பில்லை. “நீயும் வந்துவிடு” என்று கூப்பிட ஆரம்பித்தாலோ, வாரக்கணக்கில் சாப்பாடு இறங்காமல் இருந்தாலோ மகளிடம் சொல்லி டாக்டரிடம் வாருங்கள். காது மந்தமாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதையும் பார்த்துவிடுங்கள். காது கேட்பது குறைந்தால் இல்லாத ஓசைகள் கேட்பது உண்டு.

கேள்வி: நான் பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு பெரியாச்சி கோவில் பூசாரி. குறி கேட்கவும் மந்திரிக்கவும் வருகிறார்கள். இவர்களில் யாரை டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று எனக்குச் சொல்வீர்களா?

பதில்: ஐயா, இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது உங்களுடையது. என்னிடம் வருவதற்கு வெகுநாள் முன்பே நோயாளி உங்களிடம் வந்துவிடுகிறார். நீங்கள் அனுப்பினால் மாதக்கணக்கில் முன்னதாகவே வைத்தியம் கிடைக்கும்.

முதலில், பிரசவத்தைக் காக்கிற சாமி என்று உங்கள் பெரியாச்சியிடமே வருகிற பிள்ளை பெற்றவள். பிரசவமாகி முதல் சில வாரங்களில், தூக்கமே இல்லாமல், பேச்சு தாறுமாறாகி, குழந்தை தன்னுடையது இல்லை, அதற்குள் ஏதோ புகுந்திருக்கிறது என்கிற மாதிரிப் பேசினால், பெரியாச்சி கோபம் என்று பரிகாரத்துக்கு நாள் குறிக்காதீர்கள். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. தாய், குழந்தை இரண்டு உயிருக்கும் ஆபத்தான நோய் அது, ஆனால் வைத்தியத்துக்கு மிக நன்றாகக் கட்டுப்படும். அதுவரை குழந்தையைத் தாயோடு தனியாக விடக் கூடாது என்று பாட்டியிடம் சொல்லுங்கள்.

அடுத்தது குடிகாரர். மாலை போட்டோ சத்தியம் செய்தோ திடீரென்று குடியை நிறுத்துவார். இரண்டு மூன்று நாளில் உடம்பு நடுங்கும், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், யாரோ கொல்ல வருகிறார்கள் என்று ஓடுவார். பேய் என்று வேப்பிலை அடித்துக்கொண்டிருந்தால் உயிரே போய்விடும். வயதானவர் காய்ச்சலோடு உளறினாலும், வலிப்பு வந்த பிறகு வேறு ஆள் மாதிரிப் பேசினாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிதான்.

மற்றவர்களிடம் நீங்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளோடு இன்னும் மூன்று கேளுங்கள்: பல நாளாகத் தூக்கம் இல்லையா? கேட்கிற குரல் யாரையாவது அடி, வெட்டு, செத்துப் போ என்கிறதா? வீட்டில் யார் மேலாவது சந்தேகமா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் அனுப்புங்கள்.

அனுப்பினால் சாமிக்கு மதிப்புக் குறையுமோ என்று தயங்க வேண்டாம். வேலாயுதம்பாளையம்புதூர் என்ற கிராமத்தில் முத்துசாமி கோவிலில் தங்கிய மனநோயாளிகளைப் பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் ஆராய்ந்து 2002-ல் ஆங்கில மருத்துவ இதழில் எழுதினார்கள். சில வாரத் தங்கலில், மருந்தில்லாமலே, நோய்க்குறிகள் சுமார் 20 சதவீதம் குறைந்திருந்தன. அடிப்பதில்லை, வேலியில்லை, கோவிலைப் பெருக்கி, செடிக்குத் தண்ணீர் ஊற்றி, நாலு பேரோடு சாப்பிட்டு இருந்தார்கள். மீதி 80-க்கு மருந்து வேண்டும் என்பது என் கணக்கு. திருச்சிப் பக்கம் குணசீலம் பிரசன்ன வெங்கடாசலபதி கோவிலில் தீர்த்தம் தெளித்து 48 நாள் இருக்கிற வழக்கம் பழையது. அங்கே உரிமம் பெற்ற மனநல மறுவாழ்வு மையமும் இருக்கிறது, மருத்துவரும் வருகிறார்.

நீங்கள் தாயத்துக் கட்டுவதை நான் தடுக்கவில்லை. கட்டும்போதே “மாத்திரையையும் விடாமல் சாப்பிடு, இது அம்மா உத்தரவு” என்று சொல்லிக் கட்டுங்கள். நான் பத்துத் தடவை சொல்வதற்கு அது சமம். மாவட்ட மனநலத் திட்டத்து மருத்துவர் உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டு, அந்தக் கிழமையையும் 14416 எண்ணையும் கோவில் சுவரில் பூஜை நேரத்துக்குக் கீழே எழுதி வையுங்கள். அந்த மருத்துவரை ஒரு நாள் நேரில் போய்ப் பாருங்கள். அவருக்கும் உங்களைத் தெரிந்திருக்க வேண்டும்.